வால் கடிக்கும் பன்றிகள்: கொட்டிலில் எதை மாற்றலாம்? (திருகோணமலை)

பாலையூற்றுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் உறவுகளே. சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் மாதிரி எங்கள் ஊரில் பன்றி வளர்ப்பு பெரிய தொழில் இல்லை. பக்கத்தில் கேட்டுப் பார்க்கவும் ஆளில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கப்பல்துறைப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கொட்டில் இருக்கிறது. சீமெந்துத் தரை, மூன்றரை அடிச் சுவர், மேலே தகரம். லார்ஜ் வைட்டும் லேண்ட்ரேஸும் கலந்த வெள்ளைப் பன்றிகள். தாய்ப் பன்றி இரண்டு. பத்துக்குப் பத்து அடி அறையொன்றில் வளரும் குட்டிகள் பன்னிரண்டு, ஐம்பது கிலோவைத் தொடுகிற பருவம். கச்சான், அதாவது வெக்கையான மேற்குக் காற்று, அடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே தொல்லை. முதலில் ஒன்றின் வால் நுனியில் இரத்தம் கண்டது. இப்போது நாலு குட்டிக்குப் பாதி வால்தான் மிச்சம். தீனில் குறை வைக்கவில்லை: தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கடைத் தீன் எல்லாம் கலந்து இரண்டு நேரம் கொடுக்கிறேன்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் "குட்டியிலேயே வாலை நறுக்கியிருக்க வேண்டும்" என்கிறார்கள். அடுத்த ஈற்றிலிருந்து நறுக்கட்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். படுக்கிற இடத்திலேயே கழித்துவிட்டு அதிலேயே புரளுகின்றன. காலையில் கழுவினால் மத்தியானம் பழைய கோலம்தான்.

கறுப்புக்கண்ணாடி

பன்றி என்றால் புரளத்தான் செய்யும். இதற்கு ஒரு இழையா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தம்பி பாலையூற்றுக்காரன், நறுக்குகிற கதையை ஒரு பக்கம் வையுங்கள். இன்றைக்குச் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

கடிபட்ட குட்டிகளை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். புண்ணைக் கழுவி மருந்து போடுங்கள். வால் அடி வீங்கியிருந்தாலோ பின்னங்காலை இழுத்து நடந்தாலோ மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும். வாலில் வைத்த சீழ் முள்ளந்தண்டு வழியே மேலே ஏறும்; ஏறிவிட்டால் அந்தப் பன்றி இறைச்சிக்கும் உதவாது. அப்புறம் சத்தம் போடாமல் சுவரோரம் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் விடாமல் கடிக்கும். அது பெரிய பன்றியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். தொட்டியில் இடம் கிடைக்காமல் சிறுத்துப்போன குட்டிதான் பல தடவை ஆளாக இருக்கும். அதைப் பிரித்தால் பாதி அடங்கும். மிச்சமானவற்றுக்குச் சணல் கயிற்றில் மூன்று நாலு துண்டு, மூக்குக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிடுங்கள். நைலோன் கயிறு வேண்டாம்.

இனிக் காரணத்துக்கு வருவோம். பன்றியின் மூக்கு மண்ணைக் கிளறுவதற்கென்றே அமைந்தது. 1980களில் எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-கஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பண்ணைப் பன்றிகளை மரம், புல், ஓடை எல்லாம் உள்ள நிலத்தில் விட்டுக் கவனித்தார்கள். பகல் பொழுதில் பாதி, கிளறுவதிலும் மேய்வதிலுமே போயிற்று. உங்கள் குட்டி தொட்டியை எவ்வளவு நேரத்தில் நக்கி முடிக்கிறது? மிச்சப் பொழுதுக்கு அந்த மூக்குக்கும் வாய்க்கும் என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்? சீமெந்துத் தரை, சீமெந்துச் சுவர், முன்னால் நிற்கிற பன்றியின் வால். இவ்வளவுதானே இருக்கிறது. சும்மா வாயில் வைத்து மெல்லத் தொடங்கும். தோல் கிழிந்து இரத்தம் வாயில் பட்டதும் மற்றவையும் வந்து சேரும்.

வேலை இல்லாததோடு வேறொன்றும் சேர்ந்தால்தான் பொதுவாக வெடிக்கும். நெரிசல், தண்ணீர்த் தட்டுப்பாடு, தீனில் உப்புக் குறைவு, குடற்புழு, திடீர்க் குளிர்காற்று, வெக்கை, இப்படி ஏதாவது. உங்களுடையது கச்சானோடு தொடங்கியது என்கிறீர்கள். அப்படியானால் வெக்கையையும் தண்ணீரையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். தண்ணீர் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

இனிமேல் ஒவ்வொரு நாளும் தீன் போடும்போது வால்களைப் பாருங்கள். சுருண்டு நிற்க வேண்டிய வால் ஒடுங்கிக் காலிடையில் தொங்கினால், இரத்தம் வருவதற்குச் சில நாள் முந்தியே சேதி வந்துவிட்டது என்று அர்த்தம். வாலை நறுக்கிவிட்டால் அந்தச் சேதியும் இல்லை. கடிக்கிற எண்ணம் காதுக்கும் விலாவுக்கும் போகும்.

பாலையூற்றுக்காரன்

நன்றி ஐயா. இரண்டு குட்டிகளைப் பிரித்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே, கடிக்கிறது எல்லாவற்றிலும் சின்னது. தண்ணீருக்கு ஒரு நிப்பிள் (பன்றி வாயால் அழுத்திக் குடிக்கிற குழாய் முனை) இருக்கிறது. தாங்கி தகரத்துக்கு மேலேதான்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

பன்னிரண்டுக்கு ஒரு நிப்பிள் காணாது. இன்னும் ஒன்று போடுங்கள், முதலாவதற்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி. பக்கத்தில் போட்டால் பலசாலி இரண்டையும் காவல் காக்கும். ஒரு லீற்றர் போத்தலைப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்ப வேண்டும். மத்தியானம் அந்தத் தண்ணீரைக் கையில் பிடியுங்கள். தகரத்துக்கு மேல் கிடக்கும் தாங்கித் தண்ணீர் கச்சான் காலத்தில் தேநீர் ஊற்றும் சூட்டில் வரும். அதைப் பன்றி குடிக்காது. தாங்கிக்கு நிழல் போடுங்கள், குழாயை மண்ணுக்குள் புதையுங்கள்.

படுக்கையில் கழிக்கிற விஷயம். பன்றிக்கு வியர்வையால் உடம்பைக் குளிரச் செய்ய முடியாது. வளர்ந்த பன்றிக்கு 25 பாகை தாண்டினாலே வெக்கை தொடங்கிவிடும், இங்கே கச்சானில் 35ஐயும் தாண்டுகிறது. இடமும் குளிர்ச்சியும் இருந்தால் அது காய்ந்த இடத்தில் படுக்கும், ஈரமான மூலையில் போய்க் கழிக்கும். வெக்கை ஏறினால் இது தலைகீழாகிவிடும். குளிர்ச்சிக்காக ஈர மூலையில் படுக்கும். கழிப்பதற்குக் காய்ந்த இடம்தான் மிச்சம். வேறு தண்ணீர் இல்லாததால் தன் மூத்திரத்தில் உடம்பை நனைக்கிறது. ஊரெல்லாம் பன்றியை ஊத்தை என்று சொல்லக் காரணம் நாம் கட்டிய கொட்டில்தான்.

சூரிச் தமிழன்

நான் சுவிஸில் ஒரு பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் உவர்மலை. இங்கே வாலை நறுக்கத் தடை. தாய்ப் பன்றியைக் குட்டி ஈனும்போது திரும்ப முடியாத இரும்புக் கூட்டில் அடைப்பதும் 2007 இலிருந்து இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கொஞ்சம் இளகினது: சினைப் பன்றியைத் தனிக்கூட்டில் அடைத்தே வைத்திருப்பதை 2013 இல் பெரும்பாலும் நிறுத்தினார்கள். ஆனால் சினைப்பட்ட முதல் நாலு கிழமையும் ஈனும் காலமும் இன்னும் விலக்கு.

பன்றிக்குக் கிளறவும் மெல்லவும் ஏதாவது எந்நேரமும் இருக்க வேண்டும் என்று ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வைக்கோல், காய்ந்த புல், மரம், மரத்தூள், காளான் வளர்த்த எரு என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். எழுதியது ஒன்று, நடப்பது ஒன்று. பல நாடுகளில் ஒரு இரும்புச் சங்கிலியைத் தொங்கவிட்டுவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டிய பண்ணைகள் ஏராளம். 2016 இல் அதற்கு விளக்கம் கொடுத்தார்கள்: கொடுக்கிற பொருள் தின்னக்கூடியதாக, மெல்லக்கூடியதாக, கிளறித் துருவக்கூடியதாக, உருமாறக்கூடியதாக இருக்க வேண்டும். நான் கண்டதும் அதுதான். உடையாத பொருளைப் பன்றி மதிக்காது. பிளாஸ்ரிக் பந்து போட்டால் முதல் நாள் திருவிழா, மூன்றாம் நாள் அது மலத்துக்குள் கிடக்கும். மலம் பட்டதை அது பிறகு தொடாது.

பாலையூற்றுக்காரன் அண்ணா, யாராவது பழைய ரயர் தொங்கவிடச் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே கம்பி இருக்கும். கடித்து இழுத்துக் கம்பி வெளியே வந்தால் வாயும் குடலும் கிழியும்.

இடக் கணக்கு: ஒன்றியச் சட்டப்படி 85 முதல் 110 கிலோ பன்றிக்கு 0.65 சதுர மீட்டர் போதும். உங்கள் அறையில் ஒன்றுக்குச் சுமார் 0.77 வருகிறது, ஆகவே காகிதத்தில் நீங்கள் சரி. ஆனால் வெக்கையில் பன்றிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காலை நீட்டிப் பக்கவாட்டில் படுக்கப் பார்க்கும். நூறு கிலோப் பன்றி அப்படிப் படுக்க ஒரு சதுர மீட்டர் வேண்டும், பதினொரு சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. தொட்டிக்கும் கழிக்கும் மூலைக்கும் இடம் வேறு. இந்தப் பன்னிரண்டும் நூறு கிலோ ஆகும்போது அந்த அறை காணாது. இப்போதே ஏழும் ஐந்துமாகப் பிரிக்கலாம்.

கறுப்புக்கண்ணாடி

சுவிஸ் சட்டத்தை வைத்துக்கொண்டு கப்பல்துறையில் என்ன செய்வது? மனிதருக்கே ஒழுங்கான வீடில்லை, பன்றிக்கு விளையாட்டுச் சாமானா? கடைசியில் வெட்டத்தானே போகிறீர்கள்.

நிலாவெளி அக்கா

கறுப்புக்கண்ணாடித் தம்பி, விளையாட்டுச் சாமான் என்று யாரும் காசு கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. என் கொட்டிலுக்குப் போகிறதெல்லாம் வளவில் கிடப்பவைதான். வெட்டப் போகிறோம் என்பதற்காக அதுவரைக்கும் ஒன்றையொன்று தின்னட்டும் என்று விடுவதா? வால் புண்ணான பன்றி கிலோவும் போடாது. அதுவே உங்கள் கேள்விக்குப் போதுமான பதில்.

பாலையூற்றுக்காரன் தம்பிக்குச் சொல்கிறேன். பச்சைத் தேங்காய் மட்டையை, அதாவது பொச்சோடு இருக்கிற மட்டையை, முழுசாகப் போட்டுப் பாருங்கள். குட்டிகள் முதலில் நாலடி தள்ளி நின்று மூக்கைச் சுளிக்கும். பிறகு ஒன்று வந்து மூக்கால் புரட்டும். ஒரு காலை மட்டையின் மேல் ஊன்றிக்கொண்டு, முன்பல்லால் தும்பைக் கவ்வித் தலையை மேலே இழுக்கும். தும்பு பிய்ந்து வந்ததும் அதை வாயில் வைத்துக்கொண்டு ஓடும், மற்றவை பின்னாலேயே ஓடும். ஒரு மட்டை தும்புக் குவியலாகும்வரை வால் பக்கம் எதுவும் போவதில்லை. ஒன்று மட்டும் போட்டால் அதற்கே சண்டை வரும். பன்றிகள் எதையும் சேர்ந்தே செய்யும் சாதி. ஒன்று கிளறினால் எல்லாவற்றுக்கும் கிளற வேண்டும். ஆகவே நாலைந்து மட்டையாவது வேண்டும், அறையின் வேறு வேறு மூலைகளில்.

வாழைக்குலை வெட்டியபின் தண்டை இரண்டு மூன்று துண்டாக வெட்டிப் போடுவேன். தண்ணீர்ச் சத்தும் உண்டு, வெக்கைக்கு நல்லது. பூவரசங் கொப்பு, கிளிசரியாக் கட்டையின் காய்ந்த துண்டு, இவற்றைச் சுவரில் கொக்கி போட்டுக் கட்டலாம். ஒரே சாமானை எந்நாளும் போட்டால் அலுத்துவிடும். அதனால் மாற்றி மாற்றிக் கொடுப்பேன், எதையும் இரவு முழுக்கத் தரையில் நாற விடமாட்டேன். தவிட்டில் ஒரு பங்கைத் தொட்டியில் போடாமல் தும்புக்கும் வைக்கோலுக்கும் நடுவே தூவிவிட்டால் அதைத் தேடியே பொழுது போகும். உரப்பை மட்டும் கொட்டில் பக்கமே வரக் கூடாது. அந்தப் பிளாஸ்ரிக் நூல் குடலில் சிக்கும். சணல் சாக்கு கிடைத்தால் விடாதீர்கள்.

வெருகல் பொடியன்

எங்கள் பக்கம் வாடியில் கருவாட்டுத் தலை மூட்டை மூட்டையாகச் சும்மா கிடைக்கும். மெல்ல நல்ல சாமான்தானே, உப்பும் உண்டு. ஐயா உப்புக் குறைவென்றும் சொன்னார்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

வேண்டாம் தம்பி, வேண்டவே வேண்டாம். தீனில் உப்புக் குறையக் கூடாது என்பது கிலோவுக்குச் சில கிராம் கணக்கு. கருவாட்டுத் தலை மூட்டையோடு போனால் அது வேறு கதை. பன்றிக்கு உப்பு ஏறி, அதே நேரம் தண்ணீர் கிடைக்காமலும் போனால் மூளை வீங்கும். கண் தெரியாமல் சுவரில் முட்டும், நாய் மாதிரிப் பின்னங்காலில் குந்தும், வலிப்பு வரும், செத்துப்போகும். கச்சான் காலத்தில் கிணறு வற்றி, நிப்பிளும் அடைத்த ஒரு நாள் போதும். அப்படி ஆகிவிட்டால் உடனே வாளி வாளியாகத் தண்ணீர் வைக்கவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். உப்பில்லாத மீன் கழிவைக் கூட அளவுக்கு மேல் கொடுத்தால் இறைச்சி மீன் வாடை அடிக்கும், வாங்கினவர் அடுத்த முறை வரமாட்டார்.

கிண்ணியா மேசன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பன்றி எங்களுக்கு ஆகாத சாமான் என்று எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி நான் பேச வரவில்லை. மாட்டுக் கொட்டில், கோழிக் கூடு எத்தனையோ கட்டிக் கொடுத்திருக்கிறேன். வெக்கையும் வாடையும் எந்தச் சீவனுக்கும் ஒன்றுதான், ஆகவே கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கூரை முகடு கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் நீளப் பக்கத்தால் உள்ளே விழாது. ஏற்கெனவே வடக்குத் தெற்காகக் கட்டியிருந்தால் மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி கட்டித் தொங்கவிடுங்கள். தகரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. மேலே கிடுகு வேய்ந்து கட்டினால் உள்ளே வெக்கை நன்றாகக் குறையும். அதற்கும் வழியில்லை என்றால் வெளியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்.

சுவரை மூன்றரை அடிக்கு முழுசாகக் கட்டினால் படுத்திருக்கிற பன்றிக்குக் காற்றே வராது, காற்று அதன் தலைக்கு மேலால் போகும். கச்சான் வருகிற பக்கச் சுவரில் கீழே இரண்டு வரிசை கல்லை இடைவெளி விட்டுக் கட்டுங்கள், அல்லது இரும்புக் குழாய் வைத்துக் கம்பி அழியாகச் செய்யுங்கள். மாரியில் அதைப் பலகையால் மூடலாம்.

தரை பத்தடிக்கு நாலு அங்குலம் சரிய வேண்டும். மட்டக்கோல் வைத்து வழவழவென்று தேய்க்க வேண்டாம், சாந்து காய முந்தித் தும்புத்தடியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். வழுக்காது. கழுவுகிற தண்ணீர் வாய்க்காலில் வந்து மூடிய குழிக்குள் விழ வேண்டும். கச்சானில் நாற்றம் கிழக்குப் பக்கம் போகும், மாரியில் திசை மாறும். அந்த இரண்டு பக்கமும் யார் வீடு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குழியைத் தோண்டினால் அயலவரோடு பாதிச் சண்டை இல்லை.

பாலையூற்றுக்காரன்

நானா, மிக்க நன்றி. கீழே இடைவெளி விடுகிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. என் கொட்டில் வடக்குத் தெற்காகத்தான் நிற்கிறது. கிடுகு வாங்கிவிடலாம்.

தண்ணீர் தெளிப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். ஹோஸ் வைத்து மத்தியானம் அடிக்கலாமா? சேற்றுக் குழி வெட்டலாமா? கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தொடர்ந்து அடிப்பது தண்ணீருக்கும் கேடு, பலனும் குறைவு. குளிர்ச்சி வருவது தோலில் இருக்கிற ஈரம் காயும்போது. இரண்டு நிமிடம் நனைத்து நிறுத்துங்கள், காய்ந்ததும் திரும்ப நனையுங்கள். கழிக்கிற மூலைக்கு மேலே மட்டும் விழுகிற மாதிரிக் குழாயில் ஓட்டை போட்டுவிட்டால், ஈர மூலை எது, படுக்கை எது என்று பன்றிக்கும் விளங்கும். அடுத்த அறைப் பன்றிகளைப் பார்க்கிற கம்பி அழியோரம் அது வழக்கமாகக் கழிக்கும். ஆகவே ஈர மூலையை அங்கேயே வைத்தால் வேலை சுலபம்.

சேறு இதைவிட மேல். வெறும் தண்ணீர் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும், சேறு பூசின தோல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் குளிர்ந்துகொண்டிருக்கும். வெள்ளைத் தோலுக்கு வெயில் சுடாமலும் காக்கும். தாய்ப் பன்றிகளுக்கு வேலி போட்ட சின்ன முற்றமும் நிழலில் ஒரு குழியும் இருந்தால் நல்லது. குட்டை நாறாமல் அடிக்கடி இறைத்து மாற்ற வேண்டும். நுளம்பு பெருக விடக் கூடாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியின் உடம்பில் பெருகும், வயல் தண்ணீரில் வளர்கிற நுளம்பு அதை மனிதருக்குக் கொண்டுவரும். 1985, 86 இல் வடமத்திய மாகாணத்தில் பட்ட பாடு எங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். வயலோரமாகவும் வீட்டோரமாகவும் பன்றிக் கொட்டில் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்லி வந்தது அதனால்தான்.

தம்பலகாமத்து வயல்

வைக்கோல் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். பெரும்போகம் வெட்டினபிறகு ஏற்றிக்கொண்டு போக ஆளில்லாமல் பலபேர் வயலிலேயே கொளுத்துகிறார்கள். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) கூலி மட்டும் கொடுத்தால் ஏற்றிவிடலாம். இப்போதே வேண்டுமா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

வைக்கோல்தான் எல்லாவற்றிலும் சிறந்தது, மறுப்பில்லை. கிளறலாம், மெல்லலாம், படுக்கலாம். ஆனால் வயலில் இருந்து நேரே கொட்டிலுக்குள் போகக் கூடாது.

2024 அக்டோபரில் இலங்கையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்கு வராது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது, கொட்டிலே காலியாகும். காட்டுப் பன்றிக்கும் அதே நோய்தான். தம்பலகாமத்து வயல்களில் இரவில் காட்டுப் பன்றி இறங்காத இடம் எது? நோய் கண்ட இடங்களில் ஐரோப்பாவில் வைக்கோலை 90 நாள், புல்லை 30 நாள் காட்டுப் பன்றி தொடாத இடத்தில் வைத்திருந்துதான் பண்ணைக்குள் எடுக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். மாசி, பங்குனியில் வெட்டின வைக்கோலைக் கூரைக்குக் கீழே, நாலு பக்கமும் கம்பி அடித்துப் போர் வையுங்கள். கச்சான் உச்சத்துக்கு வரும்போது அது தயாராக இருக்கும். நனைந்து பூசணம் பிடித்ததைக் கொடுக்க வேண்டாம். சில பூசண நஞ்சால் தாய்ப் பன்றிக்குச் சினை நிற்பதே குழம்பும்.

இதே காரணத்தால் தான் ஹோட்டல் மிச்சத்தை நான் எதிர்க்கிறேன். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வாளிக் கணக்கில் கிடைக்கும் என்று தெரியும். அதில் ஒரு துண்டு வேகாத பன்றி இறைச்சி போதும். உலக விலங்குச் சுகாதார அமைப்பின் விதி, 90 பாகையில் ஒரு மணி நேரம் விடாமல் கிண்டிக் காய்ச்ச வேண்டும் என்பது. அவ்வளவு விறகு செலவழித்துக் காய்ச்சுகிறவரை நான் இன்னும் காணவில்லை.

அடுத்தது பன்றிகளை வளவில் அவிழ்த்து விடுவது. இயற்கையாக இருக்கட்டும் என்று சில பேர் விடுகிறார்கள். கிளற மண் கிடைக்கும், அது உண்மை. ஆனால் இந்த மாவட்டத்தில் காட்டுப் பன்றி வேலிக்கு வெளியே நிற்கிறது. இரட்டை வேலி இல்லாமல் திறந்த வளவு இப்போதைக்கு ஆபத்து. கொட்டிலுக்குள்ளேயே அதற்கு வேலை கொடுப்பதுதான் இன்றைய நிலையில் நல்லது என்பது என் கருத்து.

சூரிச் தமிழன்

ஐயாவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். காட்டுப் பன்றி பயத்தால் மண்ணே கொடுக்காமல் விடத் தேவையில்லை. குட்டி சீமெந்திலேயே பிறந்து வளர்ந்தால் தாய்ப்பாலில் இரும்புச்சத்துக் காணாமல் சோகை வரும். ஊசி போடுகிறோம், சரி. அதோடு கிணறு வெட்டும்போது ஆழத்தில் எடுக்கும் சுத்தமான சிவப்பு மண்ணை ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் கிளறுகிற ஆசையும் தீரும். மேல்மண் கூடாது, புழு முட்டை வருடக்கணக்கில் அதில் உயிரோடு கிடக்கும்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

ஆழத்து மண்ணென்றால் ஒத்துக்கொள்கிறேன்.

கொட்டியாரத்து மாணவி

நான் கால்நடை படிக்கிறேன். மேலே ஒருவர் "பன்றிக்கு விளையாட்டுச் சாமானா" என்று கேட்டதற்காக: கேம்பிரிட்ஜில் 2009 இல் வெளியான ஆய்வில், கண்ணாடியில் தெரிகிற தொட்டியைப் பார்த்துவிட்டு, அது உண்மையில் இருக்கிற இடத்துக்குச் சுற்றிப் போய்க் கண்டுபிடித்தன குட்டிகள். 2021 இல் அமெரிக்காவில் நாலு பன்றிகள் மூக்கால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளித் திரையில் குறியை நகர்த்தியதை வெளியிட்டார்கள். இவ்வளவு மூளையைப் பத்துக்குப் பத்து சீமெந்துக்குள் சும்மா வைத்தால் அது ஏதாவது செய்யத்தான் பார்க்கும்.

இலங்கையில் மிருகவதைத் தடைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. அடிப்பதையும் பட்டினி போடுவதையும் தடுக்கும். கொட்டிலில் மெல்ல ஏதும் உண்டா என்று கேட்காது.

கறுப்புக்கண்ணாடி

ஜாய்ஸ்டிக் எல்லாம் நம்பக் கஷ்டம். தேங்காய் மட்டை சரி, அது செலவில்லாதது.

பாலையூற்றுக்காரன்

நிலவரம் சொல்கிறேன். கிடுகு போட்டாயிற்று, இரண்டாவது நிப்பிள் பூட்டியாயிற்று, கடிக்கிற சின்னது போக மிச்சத்தை ஏழும் நாலுமாகப் பிரித்தாயிற்று. மட்டையும் வாழைத்தண்டும் போகின்றன. புது இரத்தம் இல்லை. பிரித்த சின்னக் குட்டியைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தேன், மற்றவை போட்டுக் குதறப் பார்த்தன. அது தனியாகவே இருக்கிறது. படுக்கையில் கழிப்பது ஏழு குட்டி அறையில் நின்றுவிட்டது, நாலு குட்டி அறையில் இன்னும் நிற்கவில்லை. அந்த அறைக்குத்தான் மேற்கு வெயில்.

மூத்த தாய்ப் பன்றி ஈனக் கிட்டுகிறது. போனமுறை மூன்று குட்டியை நசித்துவிட்டது. இரும்புக் கூடு செய்து அடைக்கச் சொல்கிறார்கள்.

நிலாவெளி அக்கா

கூடு வேண்டாம் தம்பி. 114 நாள் கணக்கு வையுங்கள், மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள். ஈனுவதற்கு ஒரு நாள் முந்தி அதன் நடத்தையைப் பாருங்கள். தரையை முன்னங்காலால் பிராண்டும், மூக்கால் தள்ளும், வாயில் எது அகப்பட்டாலும் கவ்விக்கொண்டு மூலைக்குப் போகும். அது கூடு கட்டுகிற நேரம். அப்போது கட்ட ஏதும் இல்லாவிட்டால் தொட்டியைக் கடிக்கும், எழும்பி எழும்பிப் படுக்கும். அந்தத் தவிப்பிலே ஈன்றால் குட்டி நசியத்தானே செய்யும். என் பெட்டைக்கு வைக்கோலும் பிரித்த சணல் சாக்கு இரண்டும் போட்டேன். சாக்கைத் தலைக்கு மேலால் இழுத்துக் கீழே போட்டு, சுற்றி வந்து மிதித்து, திரும்ப இழுத்து, இரவு முழுக்க அதே வேலை. விடிய ஈன்றபோது அசையாமல் படுத்திருந்தது.

சுவரைச் சுற்றி இரும்புக் குழாய் பூட்டுங்கள், தரையில் இருந்து ஒரு சாணும், சுவரில் இருந்து ஒரு சாணும் தள்ளி. தாய் சுவரில் சாய்ந்து இறங்கும்போது குட்டி அந்த இடுக்குக்குள் ஓடித் தப்பும்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

அக்கா சொன்னதோடு ஒரு மூலைப் பெட்டியும் வையுங்கள், குட்டி மட்டும் நுழைகிற வாசலோடு. உள்ளே வைக்கோலும் குமிழ் விளக்கும். தாய்க்கு 20 பாகை போதும், பிறந்த குட்டிக்கு 32க்குக் குறையக் கூடாது. கச்சானில் கூட இரவு விடியப்புறம் குட்டி நடுங்கும். விளக்குத் தாயின் பக்கம் வெக்கையடிக்காமல் பெட்டிக்குள் மட்டும் இருக்கட்டும். குட்டி பெட்டிக்குள் குவிந்து கிடந்தால் குளிர், வாசலுக்கு வெளியே படுத்தால் வெக்கை கூடிவிட்டது, விளக்கை உயர்த்துங்கள்.

நாலு குட்டி அறைக்கு மேற்கே தட்டி கட்டினீர்களா?

பாலையூற்றுக்காரன்

இல்லை ஐயா, கிடுகு கூரையோடு முடிந்துவிட்டது. நாளைக்கு இன்னும் இருபது வாங்குகிறேன். வயல் அண்ணா, பழைய போர் வைக்கோல் யாரிடமாவது கூரைக்குக் கீழே இருக்குமா? ஈற்றுக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் லோடு தேவையில்லை, நாலு கட்டுப் போதும்.

தம்பலகாமத்து வயல்

மாமாவின் மாட்டுக் கொட்டிலில் பரணில் பங்குனி வைக்கோல் கிடக்கிறது, நனையவில்லை. ஆறு கட்டு எடுத்து வைக்கிறேன். தனிமடலில் வாருங்கள்.